சோலாருக்குத் தோயவார்த்தல்

மடத்துவெளியில் சவர்க்காரம் நுரைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் கிணறுகளில் ஊறுவது உப்புத் தண்ணீர். அதில் குளிக்கலாம், உடுப்புத் துவைக்கலாம், முற்றம் தெளிக்கலாம். சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தால் வெள்ளையாக ஏதோ பிசுபிசுக்கும், அதோடு சரி. குடிக்கவும் சோறு காய்ச்சவும் தேவையான தண்ணீரை ஊர் எல்லையில் இருக்கிற கிணற்றில் அள்ளிக்கொண்டு வரவேண்டும். அதற்கு நல்ல தண்ணீர் என்று பெயர். இப்போது பவுசர் லொறியிலும் வருகிறது, வருகிற நாட்களில்.

தலைக்கு வார்த்துக் குளிப்பதை நாங்கள் தோய்வது என்போம். எங்கள் ஊரில் ஒருவர் நல்ல தண்ணீரில் தோய்ந்தார் என்றால் அவர் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது பிரேதமாக இருக்க வேண்டும். இடையில் இருக்கிற காலம் முழுவதும் உப்புத் தண்ணீர்தான்.

சறோஜினிதேவி அக்கா உரும்பிராயில் பிறந்தவர். அங்கே செம்மண். நல்ல தண்ணீரை வாழைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்து விடுவார்கள். சண்டைக்குப் பயந்து எங்கள் தீவுச் சனம் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் சிவபாதம் அண்ணையின் குடும்பம் அக்கா வீட்டு அறையொன்றில்தான் இருந்தது. அண்ணை அப்போது இளந்தாரி. காலையும் பின்னேரமும் அந்தக் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளித் தோய்வாராம்.

"ஒரு மனுசன் இப்பிடித் தண்ணி வார்க்கிறதை நான் அதுக்கு முதல் கண்டதில்லைப் பிள்ளை," என்று அக்கா சொல்வார். அதைப் பார்த்துத்தான் விருப்பம் வந்ததோ என்று கேட்டால் சிரிப்பார்.

ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது அண்ணை அக்காவைக் கலியாணம் செய்து கூட்டிவந்தார். வந்த கிழமையே அக்கா கேட்டாராம், முடி சிக்குப் பிடிக்கிறது, ஒரு வாளி நல்ல தண்ணீரில் தோயட்டுமா என்று.

"நல்ல தண்ணி குடிக்கிறதுக்கு," என்றார் அண்ணை.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையும் கோபமாகச் சொல்வதில்லை. வீதி வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர், கல் எவ்வளவு, தார் எவ்வளவு என்று அளந்து அளந்து பழகிப்போன ஆள். மகள் கிருசாந்தி பிறந்து, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழித்த நாளில் அக்கா ஒருவருக்கும் சொல்லாமல் அரை வாளி நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அண்ணை வந்து குடத்தைச் சரித்துப் பார்த்தார். "இது ரண்டு நாளைக்குக் குடிக்கிற தண்ணி," என்றார். அதற்குப் பிறகு அக்கா தொடவும் இல்லை.

அந்தத் தண்ணீரை அள்ளிவந்தவரும் அக்காதான். முதலில் இடுப்பில் குடம், பிறகு சைக்கிளில் பிளாஸ்ரிக் கலன். அண்ணை ஒரு நாளும் போனதில்லை. ஓவசியர் தண்ணிக் கலனோடு வீதியால் போனால் சனம் என்ன சொல்லும்? சனம் ஒன்றும் சொல்லியிருக்காது என்பது என்னுடைய அபிப்பிராயம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

நான் அடுத்த வளவு. பெயர் தயானி. சட்டை தைத்துப் பிழைக்கிறேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான், அதுவும் மழைக்கு முதல் மேயாத வேலி. அயல் வீட்டை எட்டிப் பார்ப்பது என் பழக்கமில்லை. யன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, மெசின் யன்னலடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சிவபாதம் அண்ணை கெட்டவர் இல்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை, கை நீட்டினதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குக் கதைக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

அக்கா வருடத்துக்கு ஒருமுறை சித்திரைக்கு உரும்பிராய்க்குப் போய் வருவார். வரும்போது முடி மினுங்கும். ஊர் முழுக்கத் தெரியும், அக்கா தாய்வீட்டில் தோய்ந்துவிட்டு வருகிறார் என்று. கிணற்றோடு அந்த வீட்டையும் விற்றுவிட்டுத் தம்பிக்காரன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தான். அத்தோடு அதுவும் நின்றுபோனது. இடுப்புக்குக் கீழே கிடந்த முடி இப்போது பாதி நரைத்து, அவிழ்த்துவிட்டாலும் கொண்டை போட்ட மாதிரியே நிற்கிறது.

அண்ணை ஓய்வுபெற்றபோது மொத்தமாக ஒரு காசு வந்தது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. மழைத் தண்ணீர்த் தொட்டி. கூரை விளிம்பில் பீலி பூட்டி, மாரி மழையைப் பிடித்து வைக்கிற சீமெந்துத் தொட்டி. மேசன் வந்து நிலத்தை அளந்து, இரண்டேகால் லட்சம் முடியும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"பாப்பம்," என்றார் அண்ணை.

எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தாலும் தொட்டிக்கென்று ஒரு மூலையில் இருந்த குரோட்டன் செடிகளைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தார்.

மேசனுக்குப் பிறகு டிலான் வந்தான். பட்டணத்தில் ஒரு சோலார் கொம்பனியில் வேலை செய்கிற பெடியன். கூரையைச் சுற்றி வந்து படம் எடுத்தான், தெற்குப் பக்கம் நல்ல வெயில் என்றான், ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும் என்றான். அண்ணைக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. திரும்பி வருகிற காசைப் பற்றி அவரிடம் அதற்கு முதல் யாரும் பேசினதில்லை.

"மழை வருசத்திலை மூண்டு மாசம். வெயில் பன்னிரண்டு மாசம். எது லாபம், சொல்லும் பாப்பம்," என்றார் அக்காவிடம்.

"வெயிலிலை தோய ஏலாது," என்றார் அக்கா.

அண்ணை அதை ஒரு கணக்காக எடுக்கவில்லை.

சோலார் என்றால் சோலார் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய பனஞ்சிலாகை பாரம் தாங்காது, ஆகவே கூரையைப் பிரித்துப் புதுச் சிலாகை போட வேண்டும். கடற்காற்றுக்கு இரும்பு கறள் பிடிக்கும், ஆகவே கறள் பிடிக்காத சட்டம் வேண்டும், அதற்கு வேறு விலை. இன்வேர்ட்டருக்கு வெயில் படாத சுவர் வேண்டும். அக்காவின் முருங்கைமரம் நிழல் விழுத்துகிறது, வெட்ட வேண்டும். லொறி பாலம் கடந்து வருவதற்கு ஒரு கூலி. எல்லாம் முடிய பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொட்டிக்கு ஒதுக்கின மூலையில் மிஞ்சின ஓடுகளை அடுக்கினார்கள்.

பூட்டுகிற நாளில் இராகு காலம் கழியட்டும் என்று கொம்பனிப் பெடியள் முற்றத்தில் இருந்தார்கள். அக்கா அவர்களுக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றினார், நல்ல தண்ணீரில். பிறகு நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, இன்வேர்ட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அது பச்சை லைற்றைக் காட்டியது.

முதல் மாதங்களில் அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. எத்தனை யூனிற் விளைந்தது என்று போனில் தெரியும். வீதியில் காண்கிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். எங்கள் வேலிப் படலைகளுக்கு முன்னால் இருக்கிற வீதி மதகில் தம்பிஐயா என்று ஒரு மனிதர் காலையில் வந்து குந்துவார், மத்தியானம் எழும்பிப் போவார். அவருக்குத்தான் முதல் அறிக்கை.

"இண்டைக்கு இருவத்திரண்டு."

"நல்லது," என்பார் தம்பிஐயா. அவர் வீட்டில் இரண்டு பல்ப்தான்.

கரண்ட் கூரையிலேயே விளைந்ததால் அதைச் செலவழிக்க அண்ணைக்கு மனமே வரவில்லை. எரிக்காத யூனிற்றுக்குக் காசு வரும் அல்லவா? ஆகவே வீட்டில் முன்பு எரிந்த லைற்றுகளையும் நிற்பாட்டினார். ஊரிலேயே கரண்ட் விளைகிற ஒரே வீடு இருட்டாக இருந்தது.

டிலான் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "ஐயா, தூசி பிடிக்கவிடாதேங்கோ. இடைக்கிடை தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ." என்ன தண்ணீர் என்று அவன் சொல்லவில்லை. பட்டணத்துப் பெடியன், தண்ணீரில் இரண்டு சாதி இருக்கிறது என்பது அவனுக்கு எப்படி நினைவு வரும்? அண்ணையும் கேட்கவில்லை. கழுவுகிற தண்ணீர் என்றால் இங்கே கிணற்றுத் தண்ணீர்தான். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஓவசியர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. கிணற்று மோட்டரில் பைப்பைப் பூட்டி, நடு மத்தியானத்தில், வெயில் கொளுத்தக் கொளுத்தக் கழுவினார். யூனிற் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கழுவினார். இன்னும் குறைந்தது. காகம் எச்சம் போடுகிறது என்று கூரையில் கறுத்த துணி கட்டினார். என் வளவு முருங்கையில் ஒரு கொப்பு வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம் என்றார். வெட்டினேன். வெட்டிய கொப்பை வேலிக்கு மேலால் அவர் பக்கமே போட்டேன், ஒரு வார்த்தையும் சேர்த்துப் போட்டேன். யூனிற் பிறகும் குறைந்தது. தம்பிஐயாவுக்கு அறிக்கை கொடுப்பது நின்றுபோனது. அண்ணை முகம் கறுத்துத் திரிந்தார். பத்து லட்சம் கூரையில் செத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் டிலான் திரும்பி வந்தான். ஏணியில் ஏறினவன் சோலார் பனலை நகத்தால் சுரண்டினான்.

"ஐயா, என்ன தண்ணியாலை கழுவுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி."

அவன் தன் போத்தலில் இருந்த குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றித் துணியால் அழுத்தித் துடைத்தான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கண்ணாடி தெரிந்தது. சுற்றிவர எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை.

"உப்பு ஐயா. வெயிலிலை காய்ஞ்சு காய்ஞ்சு படிஞ்சிருக்கு. இப்பிடியே விட்டால் பனல் செத்துப்போம். நல்ல தண்ணியாலை கழுவ வேணும். கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் காணும், ஆனால் நல்ல தண்ணிதான் வேணும்."

அக்கா தேத்தண்ணித் தட்டோடு ஏணியடியில் நின்றார். டிலான் இறங்கி வந்து கோப்பையை எடுக்கும்வரை அப்படியே நின்றார்.

மறுநாள் காலையில் அண்ணை சைக்கிளின் பின் கரியரில் இரண்டு கலன்களைக் கட்டினார். மடித்துக் கட்டின சாரத்தை அவிழ்த்துச் சரியாக உடுத்தார், சேட் போட்டார், ஏதோ கந்தோர் வேலைக்குப் போகிற மாதிரி வீதிக்கு இறங்கினார். தம்பிஐயா மதகிலிருந்து எழும்பிவிட்டார்.

"என்ன ஓவசியர், அக்காவுக்குச் சுகமில்லையோ?"

"சீச்சீ, அவ சுகமாத்தான் இருக்கிறா. இது பனலுக்கு."

"ஓ, பனலுக்கோ," என்று தம்பிஐயா திரும்பக் குந்தினார். அது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. வீதியில் நின்ற ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. மனைவிக்குத் தண்ணீர் அள்ளப் போனால்தான் சனம் ஏதாவது சொல்லும்.

அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தயானி, அவர் தண்ணிக்குப் போறார்."

"பாத்தனான் அக்கா."

"நான் கேக்கேல்லை. தானாப் போறார்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் போட்டேன். "அக்கா, நானெண்டால் அந்தக் கலனை றோட்டிலை வைச்சே உடைச்சிருப்பன்."

"கலன் என்ன செய்தது?" என்றார் அக்கா. வேலிக் கிடுகில் ஒரு ஈர்க்கை இழுத்து எடுத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "பனலுக்கு ஏலாட்டிப் போனிலை தெரியுது. இருவத்திரண்டு பதினொண்டாகுது. உடனை ஆள் வந்து பாக்குது, தண்ணி வருது. நான் ஒரு நாளும் குறைச்சுக் காட்டேல்லைப் பிள்ளை. சோறு குறையேல்லை, தேத்தண்ணி குறையேல்லை. பிறகு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அக்காவின் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. அன்று ஒரு ஊசியில் நூல் கோக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு மனுசி கேட்டுக் கிடைக்காததை ஒரு கண்ணாடித் தகடு கேட்காமலே வாங்கிவிட்டது. அதுவும் வந்து ஒரு வருடம் ஆகவில்லை.

அண்ணை இப்போது வெயிலுக்கு முதலே கழுவினார். மாக் குழைக்கிற மாதிரிப் பதமாக, மேல் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல ஊற்றி, நீளக் கம்பில் கட்டின பஞ்சால் துடைத்தார். கழுவுகிற நாள் சனிக்கிழமை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளியும் ஆண்களுக்குப் புதன், சனியும் தோய்கிற நாட்கள். அண்ணை சோலாரை ஆண்பிள்ளைக் கணக்கில் வைத்திருந்தார் போலும். யூனிற் ஏறத் தொடங்கியது. தம்பிஐயாவுக்கு மறுபடியும் அறிக்கை போனது.

மூன்றாம் நான்காம் கிழமை என்று நினைக்கிறேன், அக்கா அண்ணையிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, இனி வெள்ளிக்கிழமையிலை கழுவுங்கோவன்."

"ஏன்?"

"வெள்ளி நல்ல நாள்."

அண்ணைக்கு அதில் நட்டமொன்றும் தெரியவில்லை. ஒத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணை ஏணியை வைத்து ஏறி, முதல் வாளியைக் கூரைக்கு ஏற்றிவிட்டார். அப்போது அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். நெஞ்சுக்கு மேலே கட்டின குறுக்குக்கட்டோடு, தோளில் துவாயோடு, ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுத் தாவாரத்துக்குப் பீலி இல்லை. பீலி தொட்டியோடு வந்திருக்க வேண்டியது. கழுவுகிற தண்ணீர் நேரே நிலத்தில் விழும். அது விழுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கதிரையைப் போட்டு அக்கா இருந்தார். கொண்டையை அவிழ்த்தார். கையில் ஒரு சம்பூ பக்கற்.

நான் மெசினை நிற்பாட்டினேன்.

அண்ணை ஏணியில் நின்றபடி குனிந்து பார்த்தார். "என்ன சறோ, அதிலை இருக்கிறீர்? நனையப் போறீர்."

"முதல் வாளியை அதுக்கு ஊத்துங்கோ. தூசி, காகப் பீச்சல் எல்லாம் போகட்டும்."

அண்ணை ஊற்றினார். ஊத்தைத் தண்ணீர் தாவாரத்தால் வழிந்து மண்ணில் விழுந்தது. அக்கா அது வடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு எழும்பிக் கதிரையை ஒரு முழம் உள்ளே இழுத்துப் போட்டு, பனலின் விளிம்புக்கு நேர் கீழே தலையைக் கொடுத்து இருந்தார்.

"இனி ஊத்துங்கோ."

அண்ணையின் கையில் இரண்டாவது வாளி இருந்தது.

"சறோ, இது நல்ல தண்ணி."

"தெரியும். இவ்வளவு காலமும் காவினவள் நான்தானே."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணை வாளியைப் பார்த்தார். பனலைப் பார்த்தார். பிறகு கீழே அக்காவின் தலையைப் பார்த்தார். மேலிருந்து அவருக்கு என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது. அவர் நின்ற நேரத்தில் நான் ஒரு சட்டைக் கையே தைத்து முடித்திருப்பேன். ஊற்றாமல் இறங்கி வந்தால் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவது என்று இருந்தேன்.

ஊற்றினார். பனலுக்கு ஊற்றுகிற அதே பதத்தில், மேல் விளிம்பிலிருந்து மெல்ல. தண்ணீர் கண்ணாடியில் வழுக்கி வந்து அக்காவின் உச்சியில் விழுந்தது. அக்கா பக்கற்றைப் பல்லால் கிழித்துத் தலையில் தேய்த்தார்.

நுரைத்தது. அந்த முற்றத்தில் நான் நுரையைக் கண்டது அன்றுதான். காதை மூடி, தோளை மூடி, கதிரைக் காலடியில் விழுந்து, என் வேலிவரை வந்து கிடுகில் ஒட்டிக்கொண்டது. அக்கா இரண்டு கையாலும் அதை அள்ளி அள்ளிப் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று நுரையில் தெரியவில்லை.

"ஊத்துங்கோ," என்றார்.

மிச்சம் இருந்ததையும் அண்ணை ஊற்றினார். நுரை போக அது காணவில்லை.

"முடிஞ்சுது சறோ," என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "இன்னும் நுரை கிடக்கே."

"கண் எரியுது."

"பொறும். அப்பிடியே இரும். கிணத்துத் தண்ணியை ஊத்திப்போடாதேயும்."

ஏணியால் அவர் இறங்கின வேகத்துக்கு விழாமல் தப்பியது அதிசயம். பனலில் பாதி கழுவாமல் கிடந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கலன்களைக் கட்டினார், சாரத்தை மடித்துக் கட்டினபடியே, சேட் இல்லாமல், வீதியில் இறங்கிவிட்டார்.

தம்பிஐயா மதகில் இருந்தார்.

"என்ன ஓவசியர், இண்டைக்கு ரண்டாந்தரம்? பனலுக்குக் காணேல்லையோ?"

அண்ணை பிறேக் பிடித்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினார். ஓம் என்று சொல்லிவிட்டுப் போவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பனலுக்கில்லை," என்றார். வீதிக்கே கேட்டது. "சறோ தோயிறா. நுரையோடை இருக்கிறா, வழியை விடும்."